திருப்புதல் தேர்வில் மார்க் குறைந்தால் என்ன செய்வது?



ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் கையில் அரையாண்டுத் தேர்வுப் பேப்பர் வந்துவிடும். அதைப் பார்த்த சூடு ஆறுவதற்குள் முதல் திருப்புதல் தேர்வு, அப்புறம் இரண்டாம் திருப்புதல் தேர்வு என்று வரிசையாக வரும். இந்த நாட்களில் நாங்கள் எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும், சேமிப்பு வசூல், கடன் தவணை எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது யாராவது ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கி ஆரம்பிப்பார். "மேடம், எம் பொண்ணு கணக்குல இருபத்தேழுதான் வாங்கியிருக்கா. இவள பரிட்சைக்கு அனுப்பறதா, நிறுத்திடறதா?"

நிறுத்திடறதா என்கிற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். நம் கிராமங்களில் பெண் பிள்ளை படிப்பை விடுவது ஒரே நாளில் நடப்பதில்லை. அரையாண்டில் மார்க் குறைகிறது, வீட்டில் திட்டு விழுகிறது, பிள்ளை நாலு நாள் பள்ளிக்குப் போகாமல் படுத்துக் கொள்கிறாள், அந்த நேரம் பார்த்து ஒரு ஜவுளிக் கடை வேலையோ ஒரு வரனோ வந்து நிற்கிறது. ஆண் பிள்ளை என்றால் லோடு ஏற்றப் போகிறான், இல்லையென்றால் படகில் ஏறிவிடுகிறான். மார்ச் மாதம் பொதுத்தேர்வு மணி அடிக்கும்போது அந்த நாற்காலி காலியாக இருக்கும். பொதுத்தேர்வில் தோற்றதால் படிப்பை விட்ட பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதற்கு முந்தின பயிற்சித் தேர்விலேயே மனம் விட்டு நின்றுபோன பிள்ளைகளை யாரும் எண்ணுவதில்லை.

இது எந்தத் தேர்வு?

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வுகளில் வாங்கும் மார்க் அரசு கொடுக்கும் மதிப்பெண் சான்றிதழில் ஏறாது. அரையாண்டில் ஒரு பாடத்தில் ஃபெயில் ஆனதால் பொதுத்தேர்வு எழுத முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருகைப் பதிவு சரியாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். பன்னிரண்டாம் வகுப்பில் மட்டும் ஒவ்வொரு பாடத்துக்கும் 10 மார்க் அகமதிப்பீடு உண்டு. வருகை, பள்ளியில் வைக்கும் தேர்வுகள், ஒப்படைப்பு எல்லாம் அந்த 10 மார்க்குக்குள் வருகின்றன.

அதற்காக இந்தத் தேர்வை விளையாட்டாக எடுத்துக் கொள்ளவும் கூடாது. 2020ஆம் ஆண்டு என்ன நடந்தது? கொரோனா வந்து பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே ரத்தாயிற்று. காலாண்டு, அரையாண்டு மார்க்கிலிருந்து 80 சதவீதமும் வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதமும் எடுத்துத்தான் அந்த வருடம் மார்க் போட்டார்கள். 'அரையாண்டுதானே' என்று இருந்த பிள்ளைகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படி ஒரு வருடம் மறுபடி வருமா என்பது வேறு விஷயம்.

நம் குழுவுக்குத் தரம் பிரிப்பது போல இதை நினைத்துக் கொள்ளலாம். குழு தொடங்கி ஆறு மாதம் ஆனதும் தர மதிப்பீடு நடக்கும். கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், சேமிப்பு ஒழுங்காக நடக்கிறதா, உள்கடன் சுற்றுகிறதா, தவணை திரும்புகிறதா, பதிவேடு எழுதியிருக்கிறதா என்று பார்த்து மார்க் போடுவார்கள். மார்க் குறைந்த குழுவை நாம் கலைத்துவிட்டோமா? எந்த இடத்தில் குறைந்தது என்று பார்த்தோம். வருகை குறைவு என்றால் கூட்ட நேரத்தை மாற்றினோம், நோட்டு சரியில்லை என்றால் உட்கார்ந்து எழுதினோம், மறுபடி மதிப்பீட்டுக்குப் போனோம். இன்றைக்கு லட்சக் கணக்கில் வங்கிக் கடன் வாங்கித் திருப்பிக் கட்டும் எத்தனையோ குழுக்கள் முதல் மதிப்பீட்டில் தடுமாறியவைதான். குழுவுக்குக் காட்டிய அந்தப் பொறுமையைப் பிள்ளைக்குக் காட்டக் கூடாதா?

பேப்பரைக் கணக்கு நோட்டு மாதிரி பாருங்கள்

பொதுத்தேர்வில் எழுதிய விடைத்தாள் சாதாரணமாக நம் கைக்கு வராது. மார்க் மட்டும்தான் வரும். திருப்புதல் தேர்வில் பேப்பரே கைக்கு வருகிறது. அதில் எங்கே சிவப்பு மையில் டிக் விழுந்திருக்கிறது, எங்கே சுழித்திருக்கிறது, எந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். நமக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பார்க்கலாம். ஆனால் முக்கால்வாசி வீடுகளில் முதல் பக்கத்து மொத்த மார்க்கைப் பார்த்துவிட்டு அந்தப் பேப்பரை மடக்கிப் பரணில் போட்டுவிடுகிறோம். தணிக்கை அறிக்கையைப் படிக்காமல் பீரோவில் வைத்த மாதிரிதான் அது.

அந்த இருபத்தேழு மார்க் கணக்குப் பேப்பரையே உதாரணத்துக்கு எடுத்துக் கொள்வோம். பத்தாம் வகுப்புக் கணக்குக் கேள்வித்தாள் எப்படி இருக்கும் என்றால், ஒரு மார்க் கேள்வி 14. இரண்டு மார்க் கேள்வியில் 10 எழுத வேண்டும், அதற்கு 20 மார்க். ஐந்து மார்க் கேள்வியிலும் 10 எழுத வேண்டும், அதற்கு 50 மார்க். கடைசியில் எட்டு மார்க்கில் இரண்டு, ஒன்று காம்பஸ் வைத்து வரைகிற வடிவியல், இன்னொன்று கிராப். மொத்தம் 100.

நம் பிள்ளை ஒரு மார்க்கில் 5 சரியாக எழுதியிருக்கிறாள். இரண்டு மார்க்கில் 6 கேள்வி தொட்டு 7 மார்க். ஐந்து மார்க்கில் 3 கேள்வி தொட்டு 9 மார்க். வடிவியலில் 6. கிராப் தொடவே இல்லை. கூட்டிப் பாருங்கள், 27 வருகிறது. இப்போது எழுதாமல் விட்டதைக் கூட்டுங்கள். ஐந்து மார்க்கில் ஏழு கேள்வி விட்டாள், 35 போச்சு. இரண்டு மார்க்கில் நான்கு, 8 போச்சு. கிராப் 8 போச்சு. ஆக 51 மார்க்குக்கு அவள் பேனாவே வைக்கவில்லை. தொட்டது 49 மார்க்குக்குத்தான். அந்த 49இல் 27 வாங்கியிருக்கிறாள், அதாவது பாதிக்கு மேல்!

'நூற்றுக்கு இருபத்தேழு' என்று பார்த்தால் ஒன்றும் தெரியாத பிள்ளை. 'எழுதின நாற்பத்தொன்பதுக்கு இருபத்தேழு' என்று பார்த்தால், தெரிந்ததை ஓரளவு சரியாக எழுதுகிற, ஆனால் பாதிப் பேப்பரை விட்டுவிட்டு வருகிற பிள்ளை. இரண்டு பேருக்கும் கொடுக்க வேண்டிய மருந்து வேறு வேறு அல்லவா?

ஏன் விட்டாள் என்று திட்டாமல் கேளுங்கள். தெரியாமல் விட்டாளா, தெரிந்தும் நேரம் போதாமல் விட்டாளா, பயந்து கை நடுங்கி விட்டாளா? நேரம் போதவில்லை என்றால் ஒரு கேள்விக்கு எத்தனை நிமிடம் என்று கடிகாரம் வைத்து எழுதிப் பழக வேண்டும். பொதுத்தேர்வில் கேள்வித்தாள் படிக்க 10 நிமிடம் தனியாகத் தருவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்த கேள்விகளை மனதுக்குள் குறித்துக் கொண்டு அவற்றை முதலில் எழுத வேண்டும் என்பது பல பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தராத விஷயம்.

கணக்கில் பாஸ் மார்க் 35. இந்தப் பிள்ளைக்கு இன்னும் வேண்டியது 8. அந்த எட்டு கிராப் ஒன்றிலேயே இருக்கிறது. கிராப்பில் வருகிற கணக்குகள் சில வகைதான். ஆசிரியரிடம் கேட்டு அந்த வகைகளைத் தினம் ஒன்றாகப் போட்டுப் பழகினால் இரண்டு வாரத்தில் கை வந்துவிடும். அதோடு புத்தகத்தில் பாடத்தின் கடைசியில் இருக்கும் ஒரு மார்க் கேள்விகளையும் சேர்த்துக் கொண்டால் இன்னும் நாலைந்து ஏறும். நம் திருப்பாதிரிப்புலியூர் பக்கத்திலேயே கரையேறவிட்டகுப்பம் இருக்கிறது. கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளிய அப்பர் கரை சேர்ந்த இடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம் பிள்ளை கரையேற அவ்வளவு பெரிய அதிசயமெல்லாம் வேண்டாம், ஒரு கிராப் ஒழுங்காகப் போட்டால் போதும்.

அறிவியலில் கணக்கு வேறு மாதிரி. எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 வாங்கினால் பாஸ். இங்கே ஒரு எச்சரிக்கை. செய்முறைத் தேர்வு பொதுத்தேர்வுக்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடும். திருப்புதல் தேர்வு மார்க்கைப் பார்த்து வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் தவற விடுவது அதைத்தான். ஓரளவு எளிதாகக் கிடைக்கும் மார்க் அது. அந்த நாள் எது என்று பள்ளியில் கேட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் செய்முறை உள்ள பாடங்களுக்கு எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்தில் குறைந்தது 15 வாங்கி, மூன்றும் சேர்ந்து 35 வந்தால் பாஸ்.

மார்க் மட்டும்தான் காரணமா?

நம் மாவட்டத்தில் அரையாண்டுத் தேர்வு வருவது டிசம்பரில். கடலூருக்கு டிசம்பர் எப்படிப்பட்ட மாதம் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் சுனாமி, 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015 நவம்பர் டிசம்பரில் பெருவெள்ளம், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளம். பெரிய அழிவு இல்லாத வருடத்திலும் மழை விடுமுறை, ஒழுகுகிற கூரை, கரண்ட் இல்லாத ராத்திரி. அப்படிப் படித்து எழுதிய பரிட்சையின் மார்க் அது.

மழை ஓய்ந்தால் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா அறுப்பு. அம்மா விடியற்காலையில் அறுப்புக்குப் போனால் சோறு ஆக்குவது யார்? தம்பி தங்கையைக் கிளப்புவது யார்? தண்ணீர் பிடிப்பது யார்? பத்தாவது படிக்கிற பெண் பிள்ளைதான். திருப்புதல் தேர்வும் அதே ஜனவரி, பிப்ரவரியில் நடக்கிறது. அண்ணன் தம்பி படித்தால் 'படிக்கிறான், கூப்பிடாதே' என்கிறோம். பெண் படித்தால் 'அந்தப் பாத்திரத்தைக் கழுவிட்டு படியேன்' என்கிறோம். கூலி வேலையை விடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை, அது வயிற்றுப்பாடு. ஆனால் இரண்டு மாதத்துக்குப் பாத்திரம் கழுவுவதைப் பையனிடமோ வீட்டுக்காரரிடமோ மாற்றிக் கொடுக்க முடியும். சில வீடுகளில் அப்பா குடித்துவிட்டு வந்து போடுகிற சத்தத்தில் பிள்ளை புத்தகத்தைத் திறக்கவே முடிவதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு மாலையில் குழுக் கூட்டம் நடக்கும் கட்டடத்தையோ, ஒரு உறுப்பினர் வீட்டுத் திண்ணையையோ விளக்குப் போட்டுக் கொடுக்க நம் குழுக்களால் முடியும்.

மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்தால் பஸ் கிடைக்காது என்று பெண் பிள்ளைகள் பாதியில் கிளம்பி வருவதும் நடக்கிறது. இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். நம் உறுப்பினர்கள் பலர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டு வருவதோடு வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம்.

சங்கத்தில் கடன் எடுத்து டியூஷனில் சேர்க்கலாமா என்றும் கேட்கிறீர்கள். எங்கள் அபிப்பிராயம், கடைசி இரண்டு மாதத்தில் வேண்டாம். பாதிப் பேப்பரை விட்டுவிட்டு வருகிற பிள்ளைக்குப் புதுசாக ஒரு டியூஷன் மாஸ்டர் புது நோட்ஸ் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்தப் பாட ஆசிரியரைப் பாருங்கள். பேப்பரைக் கையோடு எடுத்துப் போங்கள். "எம் பொண்ணு எப்படி படிக்கிறா?" என்று பொதுவாகக் கேட்டால் "சுமார்தாம்மா" என்று பொதுவாகத்தான் பதில் வரும். "கிராப்பை விட்டுட்டு வந்திருக்கா சார், எதுலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லட்டும்?" என்று கேளுங்கள். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கென்று முக்கியக் கேள்விகளை மட்டும் தொகுத்த கையேடுகள் அரசுப் பள்ளிகளில் உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள்.

சொல்லிக் காட்டச் சொல்லுங்கள்

"ராவும் பகலும் புத்தகமும் கையுமாத்தான் இருக்கா, ஆனா மார்க் வரல" என்று சொல்லும் அம்மாக்களுக்கு ஒரு செய்தி. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு தடவை படித்துவிட்டு, பாடத்தை மூடிவைத்து, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

திரும்பத் திரும்பப் படிக்கும்போது தெரிந்த மாதிரி இருக்கும், பரிட்சை ஹாலில் வராது. நினைவிலிருந்து இழுத்து எடுக்கப் பழகினால்தான் அங்கே வரும். இதற்கு அம்மா படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் பூ கட்டிக் கொண்டோ, முந்திரி உடைத்துக் கொண்டோ உட்காருங்கள். "புத்தகத்த மூடிட்டு எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை எங்கே தடுமாறி நிற்கிறாளோ, அந்த இடம் அவளுக்கு இன்னும் வரவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். திருப்புதல் தேர்வில் தப்பாய்ப் போன கேள்விகளைப் பார்க்காமல் எழுதச் சொல்லி, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை மறுபடி எழுதச் சொல்லுங்கள். ராத்திரி ஒரு மணி வரை முழிக்க வைக்காதீர்கள். தூங்கி எழுந்தால்தான் படித்தது மனதில் நிற்கும்.

பேச்சில் கவனம்

பேப்பர் வந்த அன்றைக்கு எதுவும் பேசாமல் முதலில் சாப்பாடு போடுங்கள். மறுநாள் பேசலாம். 'எதிர் வீட்டுப் புள்ளயப் பாரு' என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் நீங்கள் சொல்லும் எதுவும் பிள்ளையின் காதில் ஏறாது. ரேங்க் பட்டியல் வெளியிடும் வழக்கத்தை அரசே 2017இல் நிறுத்திவிட்டது. நாம் தெருவில் வைத்து ரேங்க் போட்டுக் கொண்டிருக்கிறோம். இன்னொரு பக்கம், 'படிக்காட்டி என்ன, ஜெயகாந்தன் படிச்சாரா?' என்று தேற்றுகிறவர்களும் நம் கடலூரில் உண்டு. மஞ்சக்குப்பத்தில் பிறந்து, தொடக்கப் பள்ளியோடு படிப்பை விட்டு, 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது வாங்கியவர் அவர். உண்மைதான். ஆனால் அப்படி ஒருவர் வந்தார் என்பதற்காக நம் பிள்ளையின் படிப்பைப் பணயம் வைக்க முடியாது.

பிள்ளை சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால் அதை 'பயமுறுத்தறா' என்று தள்ளிவிடாதீர்கள். தனியாக விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேச விடுங்கள். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனை 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. படிப்பை நிறுத்தி 18 வயதுக்குள் கல்யாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்தாலும் அதே 1098தான். விவசாயம் செய்யும் வீடுகளில் பூச்சிமருந்தைக் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். சென்னையில் 1986இல் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு, நம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது இடத்தில் தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைக்கும் முறையைச் செய்து பார்த்திருக்கிறது. மக்களும் அதை ஏற்றுக் கொண்டார்கள்.

இதே அமைப்பு வற்புறுத்திய இன்னொரு விஷயமும் உண்டு. முன்பெல்லாம் பொதுத்தேர்வில் ஃபெயில் ஆனால் செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும், ஒரு வருடம் வீணாகும். 2000களின் தொடக்கத்தில்தான் ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே மறுபடி எழுதும் உடனடித் தேர்வு முறை வந்தது. இப்போது துணைத்தேர்வு என்கிறார்கள். ஃபெயில் ஆன பாடத்தை மட்டும் ஜூன், ஜூலையில் எழுதிப் பாஸ் செய்து, அதே வருடம் பதினோராம் வகுப்பிலோ ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ கல்லூரியிலோ சேரலாம். விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் குறைவு. ரிசல்ட் வந்த வாரமே பள்ளிக்குப் போய் கேட்டுவிட வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்புக்கும் அது உண்டு என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் முடிந்ததும் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கும்படி ஊக்குநர்களையும் பிரதிநிதிகளையும் கேட்டுக் கொள்கிறோம். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளை விடைத்தாளோடு வரச் சொல்லுங்கள். மொத்த மார்க்கை யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டாம். நோட்டு எழுதத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக உட்கார்ந்து, எழுதாமல் விட்டது எவ்வளவு, எழுதித் தப்பாய்ப் போனது எவ்வளவு என்று இரண்டே பத்தியில் கூட்டிக் கொடுத்தால் போதும். அடுத்த திருப்புதல் தேர்வுப் பேப்பர் வந்ததும் அதே நோட்டில் அடுத்த வரியில் எழுதிக் கொள்ளலாம்.